நான் வந்து பார்க்கும் வரை

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எனக்குப் போன் போட்டதும் நலம் விசாரிப்பதில்லை. "அண்ணே, பழைய மெஷின் ஒண்ணு ஸ்டார்ட் ஆகல, எந்த பார்ட்டை மாத்தணும்?" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். நானும் எரிந்து விழுவதுபோல் இரண்டு வார்த்தை பேசுகிறேன். உண்மையில் போன் வந்ததே என்ற சந்தோஷம்தான் எனக்கு. வேலை பழகியது இந்த ஊரில்தான், பிறகு பார்த்தது முழுக்க வெளியூர்களில். ஓய்வுக்குப் பிறகு சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்தேன். மனைவி இப்போது இல்லை. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். சில நாட்களில் பால்காரரிடம் பேசியதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

பழைய கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் போவதற்கு இந்த ஊர்ப் பக்கம் தனிக் காரணங்கள் உண்டு. பூச்சி பொட்டு அண்டக்கூடாது என்று பல்லி உருவமும் பாம்பு உருவமும் வாங்கிக் கோயில் உண்டியலில் போடுகிற ஊர் இது. ஆனாலும் பல்லி பவர் சப்ளைக்குள் போய்த்தான் உயிரை விடும். ஆயுத பூஜைக்கு மறுநாள் பிளாப்பி டிரைவுக்குள்ளிருந்து சந்தனத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் காற்றோட்டத் துளையில் அப்பியவர்களும் உண்டு. இதெல்லாம் மூடியைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூடியைக் கழற்றினாலும் தெரியாத ஒன்றைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். நடந்து அதிக காலம் ஆகவில்லை.

கோமதிநாயகம் அண்ணாச்சி சேலை பார்டருக்கு டிசைன் போடுபவர். பழைய மாதிரி விசைத்தறிகளுக்கு டிசைனை அட்டையில் ஓட்டையாகக் குத்திக் கொடுக்க வேண்டும். அந்த ஓட்டைகளின் வரிசையைப் பார்த்துத்தான் தறி பூவும் மாங்காயும் நெய்யும். அண்ணாச்சியிடம் டாஸ் என்கிற பழைய சிஸ்டத்தில் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் வரைந்தால் பக்கத்தில் உள்ள இயந்திரம் டக் டக்கென்று அட்டையைக் குத்தித் தள்ளும். அந்தப் புரோகிராம் அந்த ஒரு மெஷினில்தான் ஓடும். விற்ற கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. இன்றைக்கும் அட்டை போட்டு ஓட்டுகிற சில தறிக்காரர்கள் அவரைத் தேடி வருகிறார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் அவரே என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாளைக்குக் கரண்டு கட்டு வே. காலையில போனா சாயந்திரம்தான் வரும்."

"மாசாமாசம் உள்ளதுதான அண்ணாச்சி?"

"மாசாமாசம் இன்வெர்ட்டர்ல ஓட்டிருவேன். பத்தலேன்னா பக்கத்துத் தறி செட்டுல ஜெனரேட்டர் இருந்துச்சு, வயர் இழுத்துக்கிடுவேன். இப்ப அவன் தறிய எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டான். என் பேட்டரியும் உப்பிப் போச்சு. நாளைக்கு அது நின்னுரும். நின்னா திரும்ப வராது. நீரு வந்து நிக்கணும்."

"நாளைக்கு ஒரு நாள் அணைச்சுப் போட்டா என்ன?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. "அத அணைச்சதே கிடையாது வே" என்றார்.

மறுநாள் காலையில் போனேன். ஒற்றை அறை, அதை ஒட்டிச் சமையலுக்கு ஒரு தடுப்பு. நடுவில் அந்த மெஷின். வெள்ளையாக வந்த பெட்டி வெந்தயக் கலரில் மாறியிருந்தது. சுவரில் 'யாரும் தொடக்கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். ஆஃப் சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து, அதன் மேல் டேப்பை மாற்றி மாற்றிச் சுற்றியிருந்தார். கை தவறிப் பட்டுவிடக் கூடாதாம். கட்டில் மெஷினுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கட்டிலின் மேல் ஒரு தோள்பை, பயணத்துக்குத் தயாராக.

"ஊருக்கா?" என்று கேட்டேன்.

"ஆவுடைக்கு நாளைக்கு மூட்டு ஆபரேசன். கோயம்புத்தூர்ல. இது நிக்கத்தான போவுது, வாரேன்னு சொல்லியிருக்கேன்."

ஆவுடையம்மாள் அவருடைய மனைவி. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று கோயம்புத்தூர் போனவர். சில மாதத்தில் அண்ணாச்சியும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. இவர் போகவே இல்லை. காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்ப முடிகிற ஊருக்கு மட்டும்தான் போவார். திருநெல்வேலியில் கல்யாணம் என்றால் தாலி கட்டியதும் சாப்பிடாமல்கூட பஸ் ஏறிவிடுவாராம். ஆரம்பத்தில் ஆவுடையம்மாள் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வரவும் இல்லை. அதன்பின் ஒருவரையொருவர் பார்ப்பது போன் திரையில்தான்.

"ஆஃப் பண்ணக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு பெயரைச் சொன்னார். இந்த வேலையில் எனக்கு மூத்தவர், நான் யார் பின்னால் டூல் பையோடு அலைந்தேனோ அந்த மனிதர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் இருந்திருந்தால் இந்தக் கதையைக் கேட்டுக் கூசிப்போயிருப்பார்.

"ஆவுடை ஊருக்குப் போன புதுசுல ஒரு நாளு இது ஓடிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு நின்னுச்சு. நின்னு நின்னு வந்துச்சு. அவரு வந்து ரொம்ப நேரம் நோண்டினாரு. சரி பண்ணிட்டு, கை கழுவிக்கிட்டே சொன்னாரு: 'ஓடட்டும் அண்ணாச்சி. நான் வந்து பாக்குத வரைக்கும் ஆஃப் பண்ணாதேயும்.' மறுநாளு வருவாருன்னு பாத்தேன். சேதிதான் வந்துச்சு. நெஞ்சுவலியாம். போய் மாலை போட்டுட்டு வந்தேன்."

"அதுக்கப்புறம் வேற யாரையும் கூப்பிடலையா?"

"ஒருத்தன் வந்தான். இத எல்லாம் தூரப் போடுங்க, புதுசு வாங்குங்கன்னான். அவன் கையில எப்படிக் கொடுக்க? சொன்ன ஆளு வந்து பாக்கல. பாக்காம எப்படி வே ஆஃப் பண்ண?"

தம்பிகளே, அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ வீடுகளில், ஆபீசுகளில் கேட்டிருக்கிறேன். எந்தப் பழுதைச் சரி செய்தாலும் என் மூத்தவர் உடனே மூடி போட மாட்டார். ஒரு முழு நாள் சூட்டில் ஓடவிட்டுப் பார்ப்பார். போகும்போது வாடிக்கையாளரிடம் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் வந்து தொட்டுப் பார்ப்பார், திருப்தியானால் அவர் கையாலேயே ஆஃப் செய்து ஆன் செய்து காட்டுவார். அவ்வளவுதான் விஷயம். எங்களுக்கெல்லாம் அது போய்வருகிறேன் என்று சொல்வது மாதிரி. அவர் இறந்த செய்தி கேட்டதும் வேறு யாராக இருந்தாலும் சுவிட்சை அணைத்திருப்பார்கள். கோமதிநாயகம் அண்ணாச்சி அணைக்கவில்லை.

இதை அப்போதே அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. முதலில் மெஷினைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு மெத்தை போலத் தூசி. ஹார்ட் டிஸ்குக்குக் கரண்டு போகிற வயரின் முனை தளர்ந்து போய், அதைத் தறிப் பாவு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. நூலில் மெழுகு தேய்த்து இரட்டை முடிச்சு. எங்கே கண்டாலும் அது என் மூத்தவர் கை என்று சொல்லிவிடுவேன். அன்றைய பழுது அதுதான், அன்றைக்கே அது சரியாகிவிட்டது. நான் கொஞ்ச நேரம் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அண்ணாச்சி தூசியினால் என்று நினைத்துக்கொண்டு துண்டை நீட்டினார்.

இனி வேலை. பழைய மெஷினை அணைக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்டு இருப்பதால் மட்டும் இது ஞாபகம் வைத்திருப்பது எது? இவருடைய மெஷினின் போர்டில் உள்ள சின்ன பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருந்தது. தன்னிடம் எந்த ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்பதையே அது அணைத்ததும் மறந்துவிடும். ஆகவே டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த எண்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். டிசைன்களை வயர் வழியாக என் லேப்டாப்பில் ஏற்றினேன். ஏற்றி முடித்தபோது கரண்டு போக இன்னும் சற்று நேரம் இருந்தது.

அடுத்தது ஒரு முடிவு. கரண்டு தானாகப் போய் மெஷின் சாகட்டும் என்று விட்டுவிடலாம். அல்லது நாமே அணைக்கலாம். தானாகப் போனால் யார் மீதும் பழி இல்லை. ஆனால் லைன் துண்டிக்கும்போது வோல்ட்டேஜ் ஏறி இறங்கும், பழைய பவர் சப்ளை அதைத் தாங்காது. நம் கையால் அணைப்பதுதான் முறை. அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப நீரே பண்ணும்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

டேப்பைப் பிரிக்கவே நேரம் பிடித்தது. மூடியை எடுத்துவிட்டுச் சுவிட்சை அழுத்தினேன். காற்றாடி சுற்றி ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் தெருவில் ஆட்டோ போவது, பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பது எல்லாம் காதில் விழுந்தது. அண்ணாச்சி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "இங்கன இவ்வளவு சத்தமா இருக்கு?" என்று கேட்டார்.

கரண்டு போனது. வேர்த்து ஒழுக இரண்டு பேரும் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். நான் போயிருக்கலாம், சாயங்காலம் வந்திருக்கலாம். போகத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போனாலும் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவர் பேசினார். ராத்திரி விழிப்பு வந்தால் மெஷின் இரைகிற சத்தம் கேட்கும், சரி, இருக்கிறது என்று தூங்கிவிடுவாராம். பேரன் போனில் "தாத்தா, உங்க கம்ப்யூட்டர்ல கேம் இருக்கா?" என்று கேட்டானாம். ஆவுடையம்மாள் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிப் போனது.

"அவ கேப்பா, 'ஆஃப் பண்ணிட்டு வர முடியாதா?'ன்னு. முடியாதுட்டின்னு சொல்லுவேன். 'சரி, உங்களுக்குத்தான் தெரியும்'ம்பா. அவ்வளவுதான்."

டீக்கடையிலிருந்து வாங்கி வந்த வடை ஆறிப்போய்க் கிடந்தது.

சாயங்காலம் கரண்டு வந்தது. மெஷினை ஆன் செய்தேன். காற்றாடி சுற்றியது, டிஸ்க் இரைந்தது, திரையில் எழுத்து வந்தது. வந்து நின்றுவிட்டது. டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி, கீழே கர்சர் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. நான் எதிர்பார்த்ததுதான். போனில் உள்ள எண்களைத் தட்டினால் எழுந்துகொள்ளும். அதை அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"போச்சா?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தில் துக்கம் இருக்கும் என்று நினைத்தேன். சுமை இறக்கி வைத்தவர் முகமாக இருந்தது அது. "போகட்டும் வே. இத்தன நாளு காப்பாத்தினோம்ல. ஆஃப் பண்ணாதேயும்னு அவரு சொன்னது சரியாத்தான போச்சு" என்று சொல்லி, தோள்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நான் விசைப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். 'ஆமா அண்ணாச்சி, போச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மனைவியிடம் போய், நான் காவல் காத்தது வீணில்லை, அணைத்ததும் செத்துவிட்டது பார் என்று சொல்லிக்கொள்ளலாம். டிசைன் எல்லாம் என் லேப்டாப்பில் இருக்கிறது, வேறு வழி கண்டுபிடித்துக் கொடுத்திருக்கலாம். இந்த வேலையில் எத்தனையோ பேரிடம் செத்த மெஷினைப் பிழைக்கும் என்று சொல்லி ஆறுதல் படுத்தியிருக்கிறேன். உயிரோடு இருப்பதைச் செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அது நேர்மையா, வெறும் தொழில் கர்வமா, இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. எண்களைத் தட்டினேன். மெஷின் எழுந்தது. அவருடைய பார்டர் டிசைன்கள் வரிசையாகத் திரையில் வந்தன.

அண்ணாச்சி பையை இறக்கவில்லை. நின்றபடியே கேட்டார்: "ஆஃப் பண்ணா வருமா?"

அணைத்தேன். திரும்பப் போட்டேன். எண்களைத் தட்டியதும் வந்தது. சின்ன பேட்டரி ஒன்று மாற்றினால் எண்களும் தட்ட வேண்டியதில்லை என்றேன்.

"அப்ப... அன்னைக்கும் வந்திருக்குமா?"

"வந்திருக்கும் அண்ணாச்சி. அன்னைக்கே சரியாயிருச்சு. அவரு எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லுவாரு. ஒரு நாளைக்குத்தான்."

"ஒரு நாளைக்கா?"

"ஆமா."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். சின்னக் குரலில்தான் கேட்டார். "போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே வே?"

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "அணைச்சுப் பூட்டிட்டுச் சாவிய டீக்கடையில கொடுத்திரும்" என்று மட்டும் வாசலில் நின்று சொன்னார். நான் அணைத்தேன், பூட்டினேன், சாவியைக் கொடுத்தேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடிக்கையாளர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் அலட்சியமாகச் சொல்கிற வார்த்தையை அவர்கள் நம்மைவிடக் கவனமாகக் கேட்கிறார்கள். 'நான் வரும்வரை' என்று சொல்லாதீர்கள். 'நாளைக் காலை வரை' என்று சொல்லுங்கள். நான் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். என் மூத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் மறுநாள் வரத்தான் நினைத்திருந்தார். உண்மையைச் சொன்னது சரியா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினார். ஆவுடையம்மாளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம்.

"முன்னாடி பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் வே. என்னக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு. எப்படி வந்தீங்கன்னு கேக்கல, சாப்பிட்டீங்களான்னு கேக்கல. 'அங்கன மெஷின யாரு பாத்துக்கிடுதாவ?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரும் பாக்கலட்டி, ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன்னேன்."

பக்கத்தில் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"'அவ்வளவுதானா? அப்ப இத்தன நாளும் ஆஃப் பண்ண முடிஞ்சிருக்குமா?'ன்னு கேட்டா. கேட்டுட்டு முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா வே."